ஏட்டிலிருந்து களம் வரை

கொண்டாப்பூரிலிருந்து நானக்ராம்குடா அதிகத் தொலைவன்று. விடியற்காலையில் புறப்பட்டால் ஆட்டோவில் அரை மணிக்குள் சென்று சேரலாம். 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பணியைத் தொடங்கிய அமெரிக்கத் துணைத்தூதரகத்தின் புதிய வளாகம் அங்கே பன்னிரண்டு ஏக்கர் பரப்பில் எழுந்து நிற்கிறது. அதன் மதிலுக்கு வெளியே, ஒவ்வொரு நாளும், கோப்புகளை மார்போடு அணைத்தபடி பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் காத்திருப்பதைக் காணலாம். நம் சங்கத்துக் குடும்பங்களுள் அந்த மதிலோரத்தில் ஒரு முறையேனும் நில்லாத குடும்பம் அரிது. தமிழ்நாட்டை விட்டு இங்கு வந்தோம். நம் மக்கள் இங்கிருந்து அங்குப் போகின்றனர்.

சென்ற ஆண்டு ஒரு நாள் நாமும் அக்கூட்டத்தில் நின்றோம். உடன் நின்றவர் நம் தெருவில் வாழும் முதியவர். படையில் பொறியாளர் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிச் சுபேதாராக ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்கியும் முதுகு வளையாதவர். சங்கத்தில் சிறியோர் பெரியோர் அனைவர்க்கும் அவர் 'சுபேதார் ஐயா'தான். மேற்படிப்புக்குச் செல்லவிருக்கும் அவருடைய பேத்தி நேர்காணலுக்காக உள்ளே சென்றிருந்தாள். அவர் அந்த மதிலை ஒரு பொறியாளர் பார்வையோடு மேலும் கீழும் அளந்துவிட்டு, "இது இந்த ஊருக்கு எப்படித் தம்பி வந்தது?" என்று கேட்டார்.

நாம் அறிந்ததைச் சொன்னோம். 2006-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் ஐதராபாத்துக்கு வந்தார். இராசேந்திர நகரில் வேளாண் பல்கலைக்கழகத்தைப் பார்த்தார். கச்சிபௌலியிலுள்ள இந்திய வணிகவியல் பள்ளியில் இளைஞர்களோடு உரையாடினார். அந்தப் பயணத்தின்போதுதான் இந்நகரில் தூதரகக் கிளை ஒன்று அமையும் என்று அறிவிக்கப்பட்டது. 2008 அக்டோபரில் பேகம்பேட்டையிலுள்ள பைகா மாளிகையில் அது செயற்படத் தொடங்கியது. பின்னர் இங்கு இடம் பெயர்ந்தது.

"எந்தப் புஷ்? நம் பையன்களைக் கேட்டாரே, அவரா?"

"அவரேதான், ஐயா."

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நமக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஏனெனில் நம் பையன்களைக் கேட்ட அந்த நாளில், கொடுக்கலாம் என்று மேடையேறிப் பேசியவர் நாம்.

இருபது ஆண்டுக்கும் முந்தைய அந்தப் பேச்சைப் பற்றி எழுதுமுன், அதை நம் வாயில் வைத்தவர்கள் யார் என்று சொல்லுதல் முறை. ஆங்கிலத்தில் 'நியோகன்சர்வேட்டிவ்' என்பர். நாம் புதிய பழமைவாதிகள் என்போம். புதுமையும் பழமையும் ஒரே பெயருக்குள் குடியிருக்கும் இவ்விந்தை அவர்களே சூடிக்கொண்டதன்று. 1973-இல் மைக்கேல் ஹாரிங்டன் என்னும் சோசலிச எழுத்தாளர், பாதை மாறிய தம் பழந்தோழர்களைச் சுட்டி வழக்கில் பரப்பியது. தோழர்கள் என்று சொல்வதும் பொருத்தமே. 1930-களில் நியூயார்க்கு நகரக் கல்லூரியின் உணவுக்கூடத்து மூலையில் அமர்ந்து ஸ்டாலினையும் டிராட்ஸ்கியையும் பற்றி ஓயாது வாதிட்ட ஏழை மாணவர்களுள் இர்விங் கிறிஸ்டலும் ஒருவர். பெரும்பாலோர் ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். 1938-இல் மியூனிக்கில் வல்லரசுகள் இட்லருக்கு விட்டுக்கொடுத்ததையும், அதன் பின் தம் இனத்தவர் பட்டதையும் அவர்கள் மறக்கவில்லை. கொடுங்கோலனோடு பேரம் பேசினால் அழிவே மிஞ்சும் என்னும் எண்ணம் அந்த நினைவில் வேரூன்றியது. அதை எளிதில் எள்ளி நகையாட நமக்கு மனமில்லை.

இவர்கள் கட்சி நடத்தவில்லை, இதழ் நடத்தினார்கள். கிறிஸ்டலும் டேனியல் பெல்லும் 1965-இல் 'தி பப்ளிக் இன்டரஸ்ட்' தொடங்கினர். நார்மன் போடரெட்ஸ் 'கமெண்டரி' இதழின் ஆசிரியராய் இருந்தார். படிப்போர் தொகை பெரிதன்று. படித்தவர்கள் யார் என்பதே பெரிது. நம்மைப் போல் மலர்களுக்குக் கட்டுரை எழுதி, அச்சுப்பிழை திருத்தி, எவரேனும் படித்தார்களா என்று ஏங்கிக் கிடப்பவர்களுக்கு இவர்கள் வரலாறு சற்றுப் பொறாமையையே தரும்.

அவ்வரலாற்றின் ஒரு பக்கம் நம் தில்லியில் எழுதப்பட்டது என்பதைப் பலர் அறியார். 1973 முதல் 1975 தொடக்கம் வரை இந்தியாவில் அமெரிக்கத் தூதராய் இருந்தவர் டேனியல் பாட்ரிக் மொய்னிகன். 1960-களில் நாம் அரிசிக்குத் தவித்தபோது, பி.எல்.480 என்னும் அமெரிக்கச் சட்டத்தின்கீழ் கப்பல் கப்பலாய்க் கோதுமை வந்தது. சிறுவயதில் நியாயவிலைக் கடையின் முன் பையோடு நின்று, அந்தக் கோதுமையை வாங்கி வந்து, அதை என்ன செய்வதென்று அறியாத அம்மாவிடம் கொடுத்த நினைவு நமக்கு உண்டு. அதற்கான விலை உரூபாயாகவே அமெரிக்கக் கணக்கில் இந்தியாவில் குவிந்து கிடந்தது. நம் நாட்டுப் பணத்தில் பெரும்பங்கு அயலார் கையில் கிடந்தால் எவர்க்குத்தான் உறக்கம் வரும்? மொய்னிகன் பேசி முடித்து, 1974 பிப்ரவரியில் 1,664 கோடி உரூபாய்க்கு ஒரே காசோலையை இந்திய அரசிடம் திருப்பித் தந்தார். அதுவரை உலகில் எழுதப்பட்ட காசோலைகளுள் அதுவே பெரியது என்று கின்னசு நூலில் ஏறிற்று.

இவ்வளவு கொடுத்தும் ஐ.நா. மன்றத்தில் இந்தியா முதலிய நாடுகள் அமெரிக்காவையே சாடுகின்றன என்னும் மனத்தாங்கலோடு அவர் ஊர் திரும்பினார். 1975 மார்ச்சு மாதக் 'கமெண்டரி'யில் நீண்ட கட்டுரை ஒன்று வரைந்தார். ஆங்கிலேயப் பொதுவுடைமைச் சிந்தனையில் ஊறிய புதிய நாடுகள் ஐ.நா.வில் பெரும்பான்மையாகிவிட்டன, அமெரிக்கா இனிக் குறுகி நில்லாமல், ஓர் எதிர்க்கட்சி போல் எழுந்து நின்று தன் மக்களாட்சிக் கொள்கையை உரக்க முழங்க வேண்டும் என்பது அதன் சாரம். கட்டுரை வெளிவந்த சில மாதங்களில் அவர் ஐ.நா.வுக்கே அமெரிக்கத் தூதரானார். பின்னாளில் அவர் இக்கூட்டத்தினின்று விலகினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1979 நவம்பரில் அதே இதழில் ஜீன் கிர்க்பாட்ரிக் எழுதிய கட்டுரையைப் படித்து ரீகன் அவரையும் ஐ.நா.வுக்கு அனுப்பினார். ஒரே இதழில் வெளிவந்த இரு கட்டுரைகளால் இருவர் தூதராயினர்!

அடுத்த தலைமுறை இதைவிட நேராய்ப் பேசியது. சோவியத் ஒன்றியம் கலைந்த மறு ஆண்டு, 1992-இல், பாதுகாப்புத் துறையில் பால் வுல்போவிட்சின் பொறுப்பில் ஒரு வரைவு உருவாகி, 'நியூயார்க்கு டைம்ஸ்' வழியே வெளியே கசிந்தது. இனி அமெரிக்காவுக்கு நிகராய் எவரும் தலையெடுக்க விடலாகாது என்பது அதன் கருத்து. தெற்காசியாவிலும் இந்துமாக்கடலிலும் இந்தியாவின் மேலாதிக்க ஆசைக்கு இடங்கொடுக்கலாகாது என்பதும் அதில் இருந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அதே வட்டத்தார் பலர் இந்தியாவைச் சீனத்துக்கு எதிர் எடையாய்க் கொண்டாடத் தொடங்கினர். கொள்கை அசையாதது என்று அவர்கள் சொல்லிக்கொண்டாலும், யாரை அணைப்பது என்பது மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

1995-இல் இர்விங் கிறிஸ்டலின் மகன் வில்லியம் கிறிஸ்டல் 'வீக்லி ஸ்டாண்டர்டு' வார இதழைத் தொடங்கினார். 1997-இல் 'புதிய அமெரிக்க நூற்றாண்டுத் திட்டம்' என்னும் சிறு அமைப்பு எழுந்தது. 1998 ஜனவரி 26-ஆம் நாள், நம் குடியரசு நாளன்று, அவ்வமைப்பு கிளிண்டனுக்கு ஒரு திறந்த மடல் விடுத்தது. சதாம் உசேனை ஆட்சியினின்று அகற்றுவதே அமெரிக்காவின் நோக்கமாய் இருத்தல் வேண்டும் என்று அது கோரிற்று. ஒப்பமிட்டோர் பதினெண்மர்: ரம்ஸ்பெல்டு, வுல்போவிட்சு, பெர்ல், போல்ட்டன், கலீல்சாத், பூக்குயாமா, பீட்டர் ராட்மன் என்று வரிசை செல்லும். கிளிண்டன் போர் தொடுக்கவில்லை. ஆனால் மூன்று ஆண்டுகளில் ஆட்சி மாறியபோது அப்பதினெண்மருள் பாதிக்கு மேற்பட்டோர் பதவிகளில் அமர்ந்தனர்.

அந்த 1998-ஆம் ஆண்டு நவம்பரில்தான் நம் மாதாப்பூரில் சைபர் டவர்சைப் பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார். அதைச் சுற்றித் தோன்றிய வேலைகளைத் தேடியே நம்மில் பலர் இப்பக்கம் வந்து சேர்ந்தோம். அந்நாளில் கொண்டாப்பூர் என்பது பெரும்பாலும் பாறையும் முள்மரமும். இரவில் ஆட்டோக்காரர் வர மறுக்கும் ஊர். அலுவலக நூலகத்துக்கு அமெரிக்க இதழ்கள் வரும். மாலைகளில் செய்வதற்கு வேறொன்றும் இல்லாமையால் நாம் அவற்றை ஒன்றுவிடாமல் படித்தோம்.

படித்தவை நம்மை ஆட்கொண்டன. 1988 மார்ச்சில் சதாமின் விமானங்கள் அலப்சா என்னும் குர்து நகரில் நச்சுப்புகை பொழிந்து ஏறத்தாழ ஐயாயிரம் மக்களைக் கொன்றன. தெருவில் குழந்தையை மூடியபடி விழுந்து கிடந்த தந்தையின் படத்தைப் பார்த்தவர் மறக்க இயலாது. உலகம் அப்போது வாளாவிருந்தது. ஈராக்கோடு உறவு கொண்டிருந்த அமெரிக்காவும் வாளாவிருந்தது. அத்தகைய கொடியோனை வலியோர் அகற்றினால் அதனை அறமன்று என்று யார் சொல்லக்கூடும்? பாரி, பேகன் என்று எளியோர்க்கு இரங்கிய வள்ளல்களைப் பாடி வளர்ந்த தமிழுள்ளம் இந்த வாதத்துக்கு எளிதில் இளகியது.

போருக்கு இவ்வெழுத்தாளர்கள் மட்டுமே காரணர் அல்லர். 2001 செப்டம்பர் 11-இன் அதிர்ச்சி இல்லையேல் அவர்கள் ஏடுகள் ஏடுகளாகவே இருந்திருக்கும். துணைத்தலைவர் செனியும் ரம்ஸ்பெல்டும் மக்களாட்சியைப் பரப்பும் கனவினர் அல்லர்; அவர்கள் கணக்கு வேறு. எண்ணெய் பற்றிய கணக்கும் உண்டு என்பார் உளர். ஆயினும், அச்சங்கொண்ட ஓர் அரசு வழி தேடியபோது, எழுதி மடித்து ஆயத்தமாய் நின்ற வழி இவர்களுடையதே. பேரழிவு ஆயுதங்கள் உள்ளன என்றார்கள். அமெரிக்க ஆய்வுக் குழுவே தேடி, அத்தகைய இருப்பு எதுவும் இல்லையென 2004-இல் அறிக்கை தந்தது.

இங்கே நாம் ஒரு கணக்கைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நம் பையன்கள் இதில் எங்ஙனம் வந்தனர் என்பது இதில்தான் அடங்கியிருக்கிறது. 2003 பிப்ரவரியில் அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் சின்செகி, ஈராக்கைப் பிடித்த பின் அமைதி காக்கப் பல இலட்சம் வீரர் வேண்டியிருக்கும் என்று மேலவைக் குழுவில் கூறினார். இரண்டு நாளில் வுல்போவிட்சு அதனை முற்றிலும் தவறான மதிப்பீடு என மறுத்தார். விடுவிக்கப்பட்ட மக்கள் விடுவித்தவரை வரவேற்பர். ஆதலின் பெரும்படை எதற்கு என்பது அவர் வட்டத்தாரின் நம்பிக்கை. ஏப்ரல் 9-ஆம் நாள் பாக்தாது வீழ்ந்தது. மே மாதம் பிரெமர் என்னும் ஆட்சிப் பொறுப்பாளர் இரண்டு ஆணைகள் இட்டார். ஒன்றால் பாத் கட்சியினர் அலுவல்களினின்று நீக்கப்பட்டனர். மற்றொன்றால் ஈராக்கியப் படையே கலைக்கப்பட்டது. துப்பாக்கி பழகிய இலட்சக்கணக்கானோர் சம்பளமின்றித் தெருவுக்கு வந்தனர். ஆள் போதவில்லை. ஏட்டில் போதும் என்று எழுதிய எண்ணிக்கை நிலத்தில் போதவில்லை. அந்தக் குறையை நிரப்ப உலகெங்கும் ஆள் தேடினர்.

ஜூன் 16-ஆம் நாள் பென்டகனிலிருந்து ஒரு குழு தில்லிக்கு வந்தது. அதன் தலைவர் பீட்டர் ராட்மன். ஆம், 1998 மடலில் ஒப்பமிட்ட பதினெண்மருள் ஒருவர். கேட்டது ஒரு முழு டிவிஷன், ஏறத்தாழ 17,000 வீரர். வட ஈராக்கில், மோசுல் சூழ்ந்த பகுதியில் அவர்கள் நிறுத்தப்படுவர் என்று நாளிதழ்கள் எழுதின.

இதற்கு முன்பே நம் நாடாளுமன்றம் ஒரு சொற்போர் நடத்தி முடித்திருந்தது. ஏப்ரல் 8-ஆம் நாள் மக்களவை ஈராக்குப் போர் குறித்து ஒருமனதாய்த் தீர்மானம் நிறைவேற்றியது. எதிர்க்கட்சியினர் கண்டனம் என்றே சொல்ல வேண்டும் என்றனர். அரசோ மென்மையான சொல் தேடிற்று. முடிவில் இந்தித் தீர்மானத்தில் 'நிந்தா' என்று நிறுத்தி, ஆங்கிலத்தில் வருந்துதல் போன்ற ஒரு சொல்லால் அதனைப் பெயர்த்தனர். நிந்தனை என்பதன் பொருள் தமிழர் எவர்க்கும் தெரியும். ஒரே தீர்மானம் ஊருக்குள் கடிந்தது, கடல் கடந்ததும் கனிந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர்க்கு இதைவிடப் பெரிய மதிப்பு நம் நாட்டில் என்றும் கிடைத்ததில்லை.

அந்த ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், ஒரு நண்பர் இல்லத்து மொட்டைமாடியில் நம் இலக்கிய வட்டம் கூடியது. இருபது பேர் இருப்பர். நாம் 'அறப்போர்' என்னும் பொருளில் பேசினோம். அலப்சாவைச் சொன்னோம். வலிமை இருந்தும் வாளாவிருப்பது கோழைமை என்றோம். ஈராக்குக்கு இந்தியப் படை செல்வது நாடு வயதுக்கு வந்ததன் அடையாளம் என்றும், உலக அவையில் நமக்கு நாற்காலி தேடித்தரும் என்றும் முழங்கினோம். கைதட்டினார்கள். சூடான போண்டா வந்தது.

பின்வரிசையில் இருந்த சுபேதார் ஐயா எழுந்து, "ஒரு சந்தேகம் தம்பி" என்றார். "அங்கே போகிற பையன்கள் எந்த மொழியில் வழி கேட்பார்கள்?"

சிலர் சிரித்தனர். மொழிபெயர்ப்பாளரை அமர்த்திக்கொள்வர் என்று நாம் விடை சொன்னோம். அவர் தலையை அசைத்துவிட்டு அமர்ந்துவிட்டார். கூட்டம் கலைந்து, இருட்டில் டார்ச்சு விளக்கோடு நடந்து வரும்போதுதான் மிச்சத்தைச் சொன்னார்.

"நான் 1987-இல் யாழ்ப்பாணம் போனவன். கண்ணிவெடி எடுக்கிற வேலை. எங்களுக்கு மொழி தெரியும், தம்பி. மொழி தெரிந்துதான் போனோம். முதல் வாரம் ஒரு கிழவி வாசலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். எந்த ஊர் ராசா என்று கேட்டாள். மூன்றாம் மாதம் அதே கிழவி அதே வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். இரண்டும் தமிழில்தான். அவள் திட்டிய ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. ஈராக்கில் நம் பையன்களுக்குத் திட்டுவதுகூடப் புரியாது."

1987 சூலை 29 உடன்படிக்கையின் பின் அமைதி காக்கச் சென்ற படை, 1990 மார்ச்சில் திரும்பியபோது ஏறத்தாழ 1,200 பேரை இழந்திருந்தது. இலங்கைத் தமிழ் மக்கள் இழந்தது அதனினும் மிகுதி. அதனை எண்ணிச் சொல்வார் இல்லை. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய அப்படையை வரவேற்கத் தமிழக முதல்வர் செல்லவில்லை. சுபேதார் ஐயாவுக்கு அதில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. "போகாதது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது தம்பி. எனக்கு அன்றைக்கு வீட்டுச் சாப்பாடுதான் நினைவில் இருந்தது" என்பார்.

அன்றிரவு நாம் உறங்கவில்லை என்று எழுதினால் அழகாயிருக்கும். உண்மை, உறங்கினோம். காலையில் எழுந்து, அந்த முதியவர் சொன்னது ஒரு தனிமனித அனுபவம், கொள்கைக்கு அது விடையாகாது என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். ஏடு படித்தவனின் செருக்கு அவ்வளவு எளிதில் இறங்குவதில்லை. பிறகுதான் நூல்களைப் புரட்டலானோம். நம்மவர் அந்த மண்ணுக்குச் செல்வது புதிதன்று என்று தெரிந்தது. 1914 இறுதியில் பிரித்தானிய இந்தியப் படை பாசுராவில் இறங்கியது. மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவினரும் மெசபொடோமியாவில் பணியாற்றினர். 1916 ஏப்ரலில் கூட் நகரில் முற்றுகைப்பட்டுப் பசியால் சரணடைந்த ஏறத்தாழ 13,000 பேரில் பெரும்பாலோர் இந்தியர். 1917 மார்ச்சில் பாக்தாதைப் பிடித்த தளபதி மாடு, வென்றடக்க வரவில்லை, விடுவிக்கவே வந்தோம் என்று அந்நகர மக்களுக்கு அறிக்கை விட்டார். மூன்றாண்டு கழித்து, 1920-இல், விடுவிக்கப்பட்டோர் கிளர்ந்தெழுந்தனர். அவர்களை அடக்கியதும் பெரும்பாலும் இந்தியப் படையே. எண்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே சொல் கூறி அதே ஊருக்கு நம்மை அழைத்திருக்கிறார்கள். நாமும் மாடியில் நின்று கைதட்டல் பெற்றிருக்கிறோம்.

புறநானூற்றில் கோவூர்கிழார் என்றொரு புலவர் உண்டு. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் முற்றுகையும் முடக்கமுமாய் நின்றபோது இடையே சென்று, இருவரும் சோழரே, எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று இடித்துரைத்தவர். அரசவையில் எழுத்தறிந்தவன் வேலை என்னவென்பதற்கு அவர் ஒரு சான்று. அன்று நாம் பாரியையும் பேகனையும் நினைத்தோமே யன்றி, அவரை நினைத்திலோம்.

2003 சூலை 14-ஆம் நாள் அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு கூடி, ஐ.நா.வின் தெளிவான ஆணையின்றிப் படை அனுப்புவதற்கில்லை என முடிவு செய்தது. தேர்தல் நெருங்கிற்று, எதிர்ப்பு வலுத்தது, வாஜ்பாய் நிதானமானவர். காரணம் எதுவாயினும், 17,000 வீடுகளில் அன்றிரவு விளக்கணைத்து உறங்கினர்; தாம் தப்பியது எதினின்று என அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். ஒரு மாதம் சென்று பாக்தாதில் ஐ.நா. அலுவலகமே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

அரசு போகவில்லை, ஆனால் வறுமை போயிற்று. நம் தங்கை மகன் 2003 இறுதியில் சமையல் உதவியாளாகக் குவைத்துக்குச் சென்றான். சென்ற சில வாரங்களில் அவனை அழைத்த ஒப்பந்தக்காரர் வண்டியில் ஏற்றி எல்லை கடத்தி, ஈராக்கிலுள்ள ஓர் அமெரிக்க முகாமின் உணவுக்கூடத்தில் சேர்த்துவிட்டார். வீட்டுக்குக் குவைத்தில் இருப்பதாகவே சொல்லிவந்தான். 2004 சூலையில் மூன்று இந்திய லாரி ஓட்டுநர்களைத் தீவிரவாதிகள் சிறைபிடித்த செய்தி வந்தபோது நமக்கு மட்டும் தொலைபேசியில் அழைத்தான்.

"மாமா, நான் இங்கேதான் இருக்கிறேன். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். ராத்திரி சங்கு ஊதினால் கான்கிரீட் குழாய்க்குள் ஓடிப் படுத்துக்கொள்கிறோம். காலையில் ஆயிரம் பேருக்கு முட்டை பொரிக்க வேண்டும்."

ஒன்றரை மாதத்துக்குப் பின் அவ்வோட்டுநர்கள் விடுவிக்கப்பட்டனர். இந்திய அரசு ஈராக்குக்கு வேலைக்குச் செல்வதையே தடை செய்தது. நம் மருமகன் 2005-இல் உயிரோடு வந்து சேர்ந்தான். அவனுடைய கடவுச்சீட்டை ஒப்பந்தக்காரரிடமிருந்து மீட்கப் பட்ட பாடு தனிக்கதை. அதுவரை ஒவ்வொரு வாரமும் தங்கையிடம், "அவனுக்கென்ன அம்மா, குவைத்தில் சுகமாய் இருக்கிறான்" என்று பொய் சொல்லும் பொறுப்பு நம்முடையதாயிற்று. அறப்போர் பற்றிப் பேசியவனுக்கு அது பொருந்திய தண்டனைதான். தங்கை இன்றளவும் அதனை அறியாள். இம்மலர் அவள் கைக்குச் செல்லுமாயின் அறிந்துகொள்ளட்டும்.

பதினெண்மருள் ஒருவரான பூக்குயாமா, 2006 பிப்ரவரியில் தாம் இனி அக்கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் என்று வெளிப்படையாய் எழுதினார். எழுதியதைத் திரும்பப் பெறும் துணிவு எழுத்தாளர்க்கு அரிது. அதற்காக அவரை நாம் மதிக்கிறோம். அதற்கு இரு வாரங்களுக்குள் புஷ் கச்சிபௌலிக்கு வந்தார். முந்தைய நாள்தான் தில்லியில் மன்மோகன் சிங்கோடு அணுசக்தி உடன்பாட்டின் அடுத்த கட்டம் முடிவாகியிருந்தது. நகரத்தில் கறுப்புக் கொடி ஒருபுறம், வரவேற்பு வளைவு மறுபுறம். நாம் எந்தப் பக்கமும் செல்லவில்லை. சாலைகளை மறித்துவிட்டதால் அலுவலகத்துக்கும் செல்ல இயலவில்லை. அணு உடன்பாட்டால் நாட்டுக்கு நலம் விளைந்தது என்றே இன்றும் எண்ணுகிறோம். ஒரு கையால் தள்ளிய வட்டமே மறு கையால் அழைத்தது. அழைத்ததை ஏற்றோம், ஆளைக் கேட்டபோது மறுத்தோம். இரண்டையும் செய்ய ஒரு நாட்டுக்கு இயலும் என்பது மாடியில் பேசிய நாளில் நமக்குத் தெரியவில்லை.

2014 ஜூனில் மோசுல் ஐ.எஸ். படையினரிடம் வீழ்ந்தது, நம் டிவிஷனை நிறுத்த நினைத்த அதே பகுதி. அங்கே கட்டட வேலைக்குச் சென்றிருந்த 39 இந்தியர் கடத்தப்பட்டனர். அவர்கள் கொல்லப்பட்டதை 2018 மார்ச்சில்தான் சுஷ்மா சுவராஜ் மாநிலங்களவையில் உறுதிசெய்தார். திக்ரித்து மருத்துவமனையில் சிக்கிய 46 செவிலியர் மீட்கப்பட்டு 2014 சூலை 5-இல் கொச்சியில் இறங்கினர்; கேரளப் பெண்களுக்கிடையே தூத்துக்குடிப் பெண் ஒருத்தியும் இருந்தாள். அவ்விமானம் பின்னர் நம் ஐதராபாத்துக்கும் வந்து, ஈராக்கில் வேலை செய்த இப்பகுதியினரை இறக்கிவிட்டது. சம்சாபாத்து நிலையத்தில் அவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். கையில் பையின்றி வந்தவர் பலர். வில்லியம் கிறிஸ்டலின் வார இதழ் 2018 டிசம்பரில் நின்றுபோயிற்று.

மதிலோரத்தில் வெயில் ஏறிற்று. பத்தரை மணியளவில் பேத்தி வெளியே வந்தாள். கையில் கோப்பு இருந்தது, கடவுச்சீட்டு இல்லை. உள்ளே வைத்துக்கொண்டால் கிடைத்துவிட்டதென்று பொருள். இது நம் தெருவில் குழந்தைக்கும் தெரியும்.

"என்னம்மா கேட்டார்கள்?" என்றார் தாத்தா.

"எந்தப் பல்கலைக்கழகம், யார் பணம் கட்டுகிறார்கள், படித்து முடித்து என்ன செய்வாய். அவ்வளவுதான் தாத்தா. இரண்டு நிமிடம்கூட இல்லை."

"இங்கிலீஷிலா?"

"முதலில் இங்கிலீஷ். கடைசியில் அந்த அம்மாவே நன்றி என்று தமிழில் சொன்னார்கள். சென்னையில் இருந்தவர்களாம்."

சுபேதார் ஐயா சிறிது நேரம் அந்த மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, காலையில் நம்மைக் கொண்டுவந்து விட்ட ஆட்டோவை நோக்கி நடந்தார். ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "வீசா வச்சிந்தா, தாதா?" என்று தெலுங்கில் கேட்டார்.

"வச்சிந்தி, வச்சிந்தி" என்று சொல்லியபடி அவர் முதலில் ஏறி, பேத்திக்கு இடம் விட்டு அமர்ந்தார்.